ஏழு முக்கோணத் தாள்கள்

நீங்கள் எழுதக் கொடுத்திருக்கும் தாள் நல்ல தாள் இல்லை, கோமளவல்லி மேடம். மை ஊறுகிறது. 'அ' எழுதினால் சுழி அடைத்துக்கொள்கிறது. குறையாகச் சொல்லவில்லை, போலீஸ் ஸ்டேஷனுக்கு வரும் தாள் எங்கேயும் இப்படித்தான் இருக்கும். ஒன்பது வருடமாகத் தாளோடு பிழைப்பு நடத்துகிறவள் என்பதால் கண்ணில் பட்டது. பால்பாயின்ட் பேனா ஒன்று கொடுத்தால் வேகமாக எழுதி முடித்துவிடுவேன்.

யாரும் மிரட்டாமல் எழுதுவதாக முதல் வரியில் போடச் சொன்னீர்கள். யாரும் மிரட்டவில்லை. காலையில் இட்லி வாங்கிக் கொடுத்தீர்கள், சட்னி கூட நன்றாகவே இருந்தது. பெயர் தேவயானி. வயது முப்பத்து நான்கு. சொந்த ஊர் அம்மையார்குப்பம். நைனா இன்னும் விசைத்தறி ஓட்டுகிறார். திருத்தணி பைபாஸ் பக்கம் இருக்கும் தனியார் பரிசோதனைக் கூடத்தில் நான் அனலிஸ்ட். அந்த லேபின் தலைவர் முரளிதரன் சார் எப்படி இறந்தார் என்று எழுதச் சொல்கிறீர்கள். எழுதுகிறேன். ஆனால் தாளைப் பற்றித் தெரியாமல் அது உங்களுக்குப் புரியாது, அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வடிகட்டும் தாளை விரல் நகம் அளவுக்கு முக்கோணமாக வெட்டுவோம். நடுவில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துக் காயவிடுவோம். காய்ந்ததும் ஒரு கிளிப்பில் மாட்டி, முக்கோணத்தின் நுனி மெஷினின் வாய்க்கு நேராக இருக்கும்படி நிறுத்துவோம். பின்பக்கம் கொஞ்சம் கரைப்பான் விட்டு, நாலாயிரம் வோல்ட் மின்சாரம் கொடுத்தால், கரைப்பான் தாளுக்குள் ஊறிப்போய், ரத்தத்தில் இருக்கும் மருந்தை அள்ளிக்கொண்டு, நுனி வழியாகக் கண்ணுக்குத் தெரியாத தூறலாகச் சிதறும். மெஷின் அதை உள்ளே இழுத்து ஒவ்வொரு மூலக்கூறாக எடைபோடும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று பெயர். பெயர்தான் பெரிது, அது ஒரு தராசு. இரண்டே நிமிடத்தில் திரையில் எண் வந்துவிடும்.

லேபைப் பார்க்க வருகிறவர்கள் மெஷினையே சுற்றிச் சுற்றி வருவார்கள். அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். தாளை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் தாள் சும்மா கிடக்கும் பொருள் இல்லை, மேடம். எங்கள் ஊரில் சாயம் போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பருத்தி நூல் பிடித்துக்கொள்ளும் சாயம் பாலியஸ்டரில் வழுக்கிக்கொண்டு போய்விடும். தாளும் பருத்தி மாதிரி நார்தான். சாதாரணத் தாளில் ரத்தத்தை வைத்தால் அது பரவி, நாருக்குள் இறங்கி, மருந்தில் கிட்டத்தட்டப் பாதி அங்கேயே ஒட்டிக்கொண்டு வெளியே வராது. சிலிக்கா பூசிய தாள் என்று ஒன்று இருக்கிறது. மணலை மாவாக அரைத்துப் பூசியதுபோல இருக்கும். அதில் நாரை மணல் மூடிவிடுவதால் மருந்து பிடி கிடைக்காமல் முழுதாகவே வெளியே வந்துவிடும். ஒரே ரத்தம், ஒரே மெஷின். தாள் மாறினால் நாலு எட்டாகும்.

அதனால்தான் எந்தத் தாளை வைத்து மெஷினுக்கு அளவு பிடித்தோமோ, அதே தாளில்தான் நோயாளியின் ரத்தத்தையும் ஓட்ட வேண்டும் என்பது முதல் விதி. இரண்டாவது, தாளை வெறும் கையால் தொடக் கூடாது. விரலில் இருக்கும் உப்பு தாளில் இறங்கினால், மூலக்கூறு அந்த உப்பையும் தூக்கிக்கொண்டு போய்த் தராசில் நிற்கும். எடை கூடிவிடும். வேறு பொருள் மாதிரி தெரியும். மூன்றாவது, வெட்டிய தாள்களை நாற்பது நாற்பதாகச் சின்ன உறையில் போட்டு, மேலே தேதி எழுதி, மூலையில் வெட்டியவரின் முதலெழுத்தைப் போட வேண்டும். ஓட்டி முடித்த தாள்களும் அதே உறைக்குத் திரும்பிப் போகும். இந்த மூன்றும் லேப் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. முரளி சாரே டைப் அடித்து ஒட்டியது.

என் அண்ணன் தணிகைமணி கம்பெனி பஸ் ஓட்டினான். கே.ஜி.கண்டிகையில் தொடங்கி வழியெல்லாம் பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஷிப்டுக்குக் கொண்டுபோய் விடுவான். பதினொரு வருடத்தில் பஸ்ஸில் ஒரு கீறல் கிடையாது. மணி அண்ணன் பஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு தூங்கலாம் என்று அந்தப் பிள்ளைகள் சொல்லும். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போனது நான், ஊரில் நல்ல பெயர் வாங்கியது அவன்.

மூன்று வருடத்துக்கு முந்தைய ஆடிக் கிருத்திகைக்கு அவன் காவடி எடுத்தான். படியேறும்போது நல்ல மழை. இறங்கி வரும்போதே இருமிக்கொண்டு வந்தான். பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் மெடிக்கலில் அவனுக்கு இருமல் டானிக் வாங்கிக் கொடுத்தது நான்தான். அதை நான் எப்போதும் மறைத்ததில்லை. மறுநாள் கம்பெனியில் நாற்பது டிரைவர்களுக்கு ரத்தம் எடுத்து எங்கள் லேபுக்கு அனுப்பினார்கள். போதைப் பழக்கம் இருக்கிறதா என்று வருடத்துக்கு ஒரு முறை பார்ப்பது. சாம்பிளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். இருபத்து மூன்றாம் எண்ணில் 310 என்று ஒரு முனை எழுந்து நின்றது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். அந்த டானிக்கில் இருக்கும் மருந்து எங்கள் தராசில் 272 காட்டும். மெத்தடோன் என்று அபின் வகை மருந்து ஒன்று 310 காட்டும். இரண்டுக்கும் இடையில் முப்பத்தெட்டு. மூலக்கூறில் ஒரு ஹைட்ரஜன் உட்கார வேண்டிய இடத்தில் பொட்டாசியம் வந்து உட்கார்ந்தால், கூடும் எடையும் அதே முப்பத்தெட்டுதான். பொட்டாசியம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், சாணம் எரித்த சாம்பலில் கிடைக்கும். அதாவது திருநீற்றில்.

ரத்தம் வருவதற்கு முதல் நாள், தாள் வெட்டும் மேசையில் திருநீறு ஒட்டிய விரல் பட்டிருக்கிறது. வேறு எதுவும் நடக்கவில்லை. மற்ற முப்பத்தொன்பது பேர் டானிக் குடிக்கவில்லை, அதனால் அவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணியில் திருநீறு ஒட்டாத விரல் எது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அன்றைக்கு ஆட்டோவின் நெற்றியில்கூடத் திருநீறு இருக்கும்.

இப்படி ஒரு முனை எழுந்தால் அதை உடைத்துப் பார்க்க வேண்டும். மெஷினுக்குள்ளேயே மூலக்கூறை உடைத்து, துண்டுகளை எடைபோடலாம். மெத்தடோன் உடைந்தால் ஒரு விதம், இது உடைந்தால் வேறு விதம். ஐந்து நிமிடம் போதும். முரளி சார் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் வேண்டும் என்று கம்பெனியில் நெருக்கினார்கள். அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அவருடைய கையெழுத்து அழகாக இருக்கும். கடைசியில் ஒரு வால் வளைந்து கீழே போகும்.

மூன்றாம் நாள் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவன் நேராக லேபுக்கு வந்தான். நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

"சார், இன்னொரு தபா ரத்தம் எடுத்துப் பாருங்க சார். நான் பீடி கூடக் குடிக்க மாட்டேன். இவளக் கேளுங்க."

"ரிப்போர்ட் போயிடுச்சிப்பா. இப்ப மாத்தி எழுதுனா லேப் பேரு இன்னா ஆவும்? கம்பெனில போய்ப் பேசு."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அன்று வீட்டுக்குப் போனதும் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "நெஜமாச் சொல்லுண்ணா, ஒண்ணும் போட்லியே?" என்று கேட்டேன். அவன் "நீயே கேக்கறியா?" என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு என்னோடு அவன் அதிகம் பேசியதில்லை. அப்போது நான் மெஷினை நம்பினேன். படித்தவள் அப்படித்தான் நம்புவாள்.

டிரைவர்களுக்குள் ஒரு வாட்ஸ்ஆப் குழு உண்டு. அதில் பெயர் வந்துவிட்டால் அப்புறம் யாரும் ஸ்டியரிங்கைத் தொட விட மாட்டார்கள். எட்டு மாதம் அலைந்துவிட்டு, ஒரு லாரியில் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போனான். நகரி தாண்டி, புத்தூர் போகும் வழியில் அந்த லாரி கவிழ்ந்தது. ஓட்டியவன் கண் அசந்துவிட்டான். பதினொரு வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவன், இன்னொருவன் ஓட்டிய வண்டியில் மூட்டைக்கு மேல் உட்கார்ந்து செத்துப்போனான். நைனா சாவைப் பற்றிப் பேசுவதே இல்லை. தறியை நிறுத்திவிட்டு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்வார்.

"அந்தப் பொண்ணுங்க எல்லாம் இன்னா நெனச்சிகினு இருக்கும் தேவி? போதையப் போட்டுகினு நம்மள ஏத்திகினு போனான்னுதான நெனைக்கும்? யாராச்சும் ஒருத்தர் இல்லன்னு எழுதிக் குடுத்தா போதும்மா எனக்கு."

முரளி சாருக்கு அந்தச் சமயத்தில்தான் சிறுநீரகம் கெட்டது. போன வருடம் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. கொடுத்தது அவர் மனைவி பத்மா அக்கா. அவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். லேபுக்கு வரும்போதெல்லாம் எங்களுக்கும் சேர்த்துப் புளியோதரை கொண்டுவருவார்கள். மாற்றி வைத்த சிறுநீரகத்தை உடம்பு வேண்டாம் என்று தள்ளாமல் இருக்கக் காலம் முழுக்க ஒரு மாத்திரை போட வேண்டும். ரத்தத்தில் அந்த மருந்து எட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. பத்துக்கு மேல் போனால் மாத்திரையைக் குறைப்பார்கள். ஐந்துக்குக் கீழே போனால் சிறுநீரகம் மெல்ல மெல்ல அழியும். வலிக்காது. கால் வீங்கும், சோர்வாக இருக்கும், அவ்வளவுதான்.

அந்த அளவை எங்கள் லேபிலேயே, எங்கள் முக்கோணத் தாளிலேயே பார்க்கலாம் என்று முரளி சார் ஏற்பாடு செய்துகொண்டார். சென்னை டாக்டரிடம் பேசி, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நேரில் வந்தால் போதும், நடுவில் எங்கள் ரிப்போர்ட்டே போதும் என்று ஒத்துக்கொள்ள வைத்தார். அதில் அவருக்குப் பெருமை. வருகிற போகிறவர்களிடமெல்லாம் விரலைக் காட்டி, "ஒரு சொட்டுதாங்க, என் உயிரே இந்தத் தாள்லதான் கீது" என்பார். பதினைந்து நாளுக்கு ஒரு முறை பத்மா அக்கா வீட்டிலேயே அவர் விரலில் குத்தி, சின்னக் குழாயில் ரத்தம் எடுத்து என்னிடம் கொடுப்பார்கள். நான் ஓட்டுவேன். அவர் கையெழுத்துப் போடுவார். தன் ரிப்போர்ட்டுக்குத் தானே கையெழுத்துப் போடக் கூடாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இந்த வருடம் போகிக்கு முதல் நாள் லேபைச் சுத்தம் செய்தோம். பழைய தாள்களை எல்லாம் கட்டி எடுத்துப் போடச் சொன்னார். "அடி டிராயர் மட்டும் வேணாம்மா, அத்த நான் பாத்துக்கறேன்" என்றார். வேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருந்தால் நான் அதைத் திறந்தே இருக்க மாட்டேன். அவர் ரயில்வே ஸ்டேஷனுக்கு யாரையோ அழைத்துவரப் போனபோது திறந்தேன்.

உள்ளே ஒரே ஒரு உறை இருந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய ஆடிக் கிருத்திகைத் தேதி. மூலையில் வழக்கம்போல வெட்டியவரின் முதலெழுத்து. அது இப்போது முக்கியமில்லை. உறையைத் திருப்பினால் பின்பக்கம் முரளி சாரின் கையெழுத்தில் மூன்று வரி இருந்தது. 'எண் 23. புதுத் தாளில் மறுபடி ஓட்டினேன். 310 இல்லை. பழைய தாளில் பொட்டாசியம், திருநீறாக இருக்கலாம்.' கீழே தேதி போட்டிருந்தார். அண்ணன் அவர் முன்னால் நின்று கெஞ்சியதற்கு மறுநாள் தேதி அது.

ஆக, அவருக்குத் தெரியும். அண்ணன் எட்டு மாதம் வேலை தேடி அலைந்தபோது தெரியும். லாரி கவிழ்ந்த செய்தி வந்த அன்று பூமாலையோடு எங்கள் வீட்டுக்கு வந்து நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் தெரியும். நைனா கேட்டதெல்லாம் ஒரு தாள்தான். அது அவருடைய அடி டிராயரில் இருந்தது. உறையை என் பைக்குள் போட்டுக்கொண்டேன். எனக்கு அப்போது அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. இந்த மனிதன் உயிரோடு இருக்கக் கூடாது என்று தோன்றியது, அவ்வளவுதான். டிராயரை மூடிவிட்டு மிச்ச அலமாரிகளையும் சுத்தம் செய்து முடித்தேன்.

மாசியில் தொடங்கினேன். சிலிக்கா பூசிய தாள் எங்கள் லேபில் வேறு வேலைக்காக ஒரு கட்டு இருந்தது. பார்வைக்குச் சாதாரணத் தாள் மாதிரியே வெள்ளை. அதில் ஒரு முக்கோணம் வெட்டினேன். இந்த முறை கிளவுஸ் போட்டுக்கொண்டு வெட்டினேன். அவருடைய ரத்தத்தை அதில் வைத்து ஓட்டினேன். உண்மையில் எட்டு இருந்திருக்கும், மெஷின் பதினாலு என்றது. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். அடுத்த முறை பதினொன்று. இன்னும் கொஞ்சம் குறைத்தார். அதற்குப் பிறகு ஐந்து முறையும் எட்டு, எட்டரை, எட்டு. உள்ளே நாலுதான் இருந்தது. தாளில் எட்டு. எட்டு வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பொய் எண்கூட எழுதவில்லை. மெஷின் என்ன சொன்னதோ அதை அப்படியே எழுதினேன். மாத்திரையைத் தொடவில்லை, ரத்தத்தில் எதையும் கலக்கவில்லை. உங்கள் எஃப்.ஐ.ஆரில் விஷம் என்று ஒரு சொல் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது தவறு, திருத்திவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் ஓட்டிய தாளை உறையில் போட்டு, ரிப்போர்ட்டோடு சேர்த்து அவர் மேசையில் வைத்தேன். மறைக்கவில்லை. திறந்து பார்த்திருந்தால் அவருக்கு ஒரு நொடியில் தெரிந்திருக்கும். சாதாரணத் தாளில் ரத்தம் அகலமாகப் பரவி ஓரத்தில் கறுப்பு வளையம் கட்டும். சிலிக்காத் தாளில் பரவாமல் பொட்டு மாதிரி உட்கார்ந்துவிடும். இருபது வருட அனுபவம் அவருக்கு. 'எந்தத் தாள்ல ஓட்டுன?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஏழு முறை வாய்ப்புக் கொடுத்தேன். ஏழு முறையும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அந்த வால் வளைந்த கையெழுத்தைப் போட்டார். என் அண்ணனுக்கு ஒரு முறைகூட வாய்ப்புக் கிடைக்கவில்லை.

பத்மா அக்காவைப் பற்றி நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். ஆமாம், அவர்கள் ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பார்கள். வரவேற்பறை நாற்காலியில், டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு.

"நம்பர் நல்லாக்கீதா தேவயானி?"

"ஆங், எட்டுக்கா. நல்லா இருக்குது."

"முருகா. நீ சொன்னாதாம்மா எனக்கு சோறே எறங்குது. காலு கொஞ்சம் வீங்குனா மாதிரி கீதேன்னு பாத்தேன். வெயிலுக்குத்தான் போல."

"வெயிலுக்குத்தாங்க்கா."

சொல்லிவிட்டு அவர்கள் கொடுத்த புளியோதரையையும் சாப்பிட்டேன். அவர்கள் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்ததுதான் அவருக்குள் அழிந்துகொண்டிருந்தது, எனக்குத் தெரியும். வருத்தமாக இருந்தது. ஆனால் அதை நான் அவர்களிடமிருந்து எடுக்கவில்லையே. அவர்களாகத்தான் கொடுத்தார்கள். யாருக்குக் கொடுக்கிறோம் என்று ஒருவர் யோசித்துக் கொடுக்க வேண்டும்.

ஆனி பிறந்ததும் மூச்சுத் திணறி விழுந்தார். சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர்கள் மெஷினில் பார்த்தால் நாலு என்று வந்தது. எங்கள் ரிப்போர்ட்டில் எட்டு. சிறுநீரகம் முற்றாகப் போய், கிருமித் தொற்றும் சேர்ந்துகொண்டது. பன்னிரண்டாம் நாள் இறந்தார். சபீரா அரக்கோணத்திலிருந்து வருகிற பிள்ளை, எனக்கு அடுத்த இடத்தில் இருப்பவள். இரண்டு மெஷினும் ஒரே ரத்தத்துக்கு இவ்வளவு வித்தியாசமாகச் சொல்லுமா என்று அவளுக்குச் சந்தேகம். பழைய உறைகளை மேசையில் கொட்டிப் பார்த்திருக்கிறாள். எல்லார் தாளிலும் ரத்தம் பரவி வளையம் கட்டியிருக்க, சார் தாள் ஏழில் மட்டும் பொட்டுப் பொட்டாக நின்றது. மெஷினை விட்டுவிட்டுத் தாளைப் பார்த்த முதல் ஆள் அவள்தான். நல்ல அனலிஸ்டாக வருவாள். என் நாற்காலியை அவளுக்கே கொடுக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு போதும் என்று நினைத்தேன். ஆனால் நேற்று என் பையிலிருந்து எடுத்த அந்த உறையை மேசையில் வைத்து, மூலையைத் தொட்டுக் காட்டி, இது யார் எழுத்து என்று கேட்டீர்கள். தண்ணீர் கேட்டேன், அதோடு பேச்சு மாறிப்போனது. இப்போது எழுதிவிடுகிறேன். 'தே.' என்று இருக்கிறது. எங்கள் லேபில் 'தே'யில் தொடங்கும் பெயர் ஒன்றுதான்.

அன்று காலை அண்ணனோடு மலையேறிவிட்டு நேராக லேபுக்குப் போனேன். கையில் திருநீற்றுப் பொட்டலம். எல்லோருக்கும் கொடுத்தேன், முரளி சார் கூடத் தலை குனிந்து வாங்கிக்கொண்டார். பிறகு கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு தாள் வெட்ட உட்கார்ந்தேன். கிளவுஸ் போட்டால் நுனி கூராக வராது, மேடம். வழுக்கும். திருத்தணியில் அன்று வேலைக்கு வந்த யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். நாற்பது முக்கோணம் வெட்டி உறையில் போட்டு மூலையில் எழுத்துப் போட்டேன். வெட்டியது மட்டும்தான் நான். கையெழுத்துப் போட்டது அவர். மறைத்ததும் அவர். இதில் குற்றவாளி யார் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

நான் கைதான அன்று பத்மா அக்கா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஒன்றே ஒன்று சொன்னார்கள். "'அந்தப் பொண்ணுக்கு ஒரு விஷயம் தெரியவே கூடாது பத்மா, தெரிஞ்சா தாங்காது'ன்னு உன்னப் பத்தி சொல்லிகினே இருப்பாரு. இன்னா விஷயம்னு எங்கிட்ட கூட சொன்னதில்ல." அது எதைப் பற்றியும் இருக்கலாம். லேபின் பெயருக்காகத்தான் அவர் மறைத்தார். எனக்காக என்று நினைத்துப் பார்க்க ஒரு காரணமும் இல்லை.

அந்த மூலையில் இருப்பது யார் எழுத்து என்பது மூன்று வருடம் அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. காலையில் லேபுக்குள் நுழையும்போது "வாம்மா" என்பார். அவர் குரலில் ஒரு இரக்கம் இருக்கும். எதற்கு இந்த இரக்கம் என்று எனக்குப் புரிந்ததில்லை. போகிக்குப் பிறகு புரிந்தது. புரிந்த பிறகு அந்த "வாம்மா"வைக் கேட்டுக்கொண்டு என்னால் அங்கே உட்கார முடியவில்லை. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நான் செய்தது என் அண்ணனுக்காக.

முரளிதரன் சாரைக் கொன்றது நான். ஏழு தாளில், மூன்றரை மாதத்தில், தெரிந்தே கொன்றேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறேன், கீழே கையெழுத்தும் போடுகிறேன். நைனாவுக்கு இதன் நகல் கிடைக்கும் என்று நினைக்கிறேன். எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் படிப்பார், படிக்கட்டும். அண்ணன் எந்தப் போதையும் போடவில்லை என்பது இதில் எழுத்தில் இருக்கிறது, அவர் கேட்டது அதுதான். மகள் கொலைகாரி என்பதையும் படிக்கட்டும், பரவாயில்லை. அந்த உறையின் மூலையைப் பற்றிய கடைசிப் பக்கத்தை மட்டும் கழற்றி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், மேடம். முரளி சார் கூட அதை யாரிடமும் காட்டாமல்தான் வைத்திருந்தார்.